போட்டோவுல பிள்ளைங்க நிறத்த ஏத்தாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கம்மாவோட 70வது பிறந்தநாளுக்கு ஒரு ஸ்டூடியோவுல குடும்பமா போட்டோ எடுத்தோம், பேரப்பிள்ளைங்க மட்டும் ஒன்பது பேரு. பிரேம் போட்டு வந்தத பாத்தா என் மகளும் அண்ணன் மகனும் வேற ஆளா இருக்காங்க, ரெண்டு பேருக்கு மட்டும் வெளுப்பா கலர ஏத்தி மத்தவங்களோட மேட்ச் பண்ணிட்டாங்களாம். கேட்டா, "எல்லாருக்கும் இப்படித்தான் செய்றோம், யாரும் ஒன்னும் சொன்னதில்ல"ன்னு பதில். என் மகளுக்கு பத்து வயசு. படத்தையே பாத்துகிட்டு நின்னவ, "இது நான் இல்லையேப்பா"ன்னா. எனக்கு நெஞ்சே அடச்சு போச்சு.

அந்த ஞாயித்துக்கிழமை அம்மா வீட்டுல சாப்பிட்டு முடிச்சதும் ஒன்பது பேரையும் கைய திருப்பி மேசைமேல வைக்க சொன்னேன், வெயில் படாத உள்பக்கம் தெரியுற மாதிரி. வெளுப்புலேருந்து கருப்பு வரைக்கும் வரிசையா மாத்தி மாத்தி வச்சோம். பக்கத்து பக்கத்து கைக்கு வித்தியாசமே தெரியல, ஆனா முதல் கைக்கும் கடைசி கைக்கும் நல்லாவே தெரியுது. நடுவுல எங்க கோடு போடுறதுன்னு பிள்ளைங்களாலயே சொல்ல முடியல.

உலகம் பூரா இதே கததான். நைல் நதி ஓரமா உகாண்டாவுலேருந்து கெய்ரோ வரைக்கும் போனா, இந்த ஊரோட கருப்பு முடிஞ்சிச்சுன்னு எந்த எடத்துலயும் சொல்ல முடியாது. இப்படி கொஞ்சம் கொஞ்சமா மாறுறதுக்கு ஜூலியன் ஹக்ஸ்லிங்கற உயிரியல் அறிஞர் 1938லயே 'கிளைன்' (cline) அப்படின்னு பேரு வச்சிட்டாரு. நிலநடுக்கோட்டு பக்கம் புற ஊதாக்கதிர் ஜாஸ்தி, அது உடம்புல உள்ள ஃபோலேட் சத்த கெடுக்காம, தோலுக்கு கருப்பு குடுக்குற மெலனின் காப்பாத்துது, வெயில் கம்மியான வடக்க தோல் வைட்டமின் டி தயாரிக்கணும்னா மெலனின் குறைவா இருந்தாதான் தோது, இதுதான் ஆய்வாளர்கள் சொல்ற காரணம். நம்ம சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஒரு டிகிரி தள்ளி இருக்கு, இங்க இருந்துகிட்டு கருப்ப குறைன்னு நினைக்கிறோம்!

இன்னொன்னும் சொல்லணும். பி வகை ரத்தம் மேற்கு ஐரோப்பாவுல கம்மி, மத்திய ஆசியா பக்கம் வர வர கூடுது. நிறம் தெற்கு வடக்கா மாறுது, இது மேற்கு கிழக்கா மாறுது, ஒன்னு போற வழில இன்னொன்னு போகல. அப்புறம் தோல மட்டும் பாத்து ஒரு ஆள எந்த டப்பாவுல போடுறது?

ஸ்டூடியோ வச்சிருக்கவங்க தயவுசெஞ்சு கேக்காம பிள்ளைங்க நிறத்துல கை வைக்காதீங்க. பெத்தவங்களும் "கலர் கம்மி"ங்கற பேச்ச அதுங்க காதுபட பேசாதீங்க. நாங்க ஒரிஜினல் படத்த கேட்டு வாங்கி வேற கடையில பிரிண்ட் போட்டோம், எங்க மாட்டணும்னு என் மகளே எடம் காட்டுனா.

ஒரு தகப்பன்,
ஈசூன்