எல்லா றைபிளின் போல்ற்றும் ஒரே விதமாகக் கழலாது

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய றைபிள்களைத் துருப்பிடிக்காமல் பேணுவது பற்றித் தங்கள் வாரப் பதிப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். கல்லடியிலும் கல்முனையிலும் வீசும் உப்புக்காற்றில் இரும்பு படும் பாட்டை அறிந்தவர் எழுதியது என்பது வரிக்கு வரி தெரிகிறது. ஆயினும், சுடும் விசையை அழுத்திப் பிடித்தபடி போல்ற்றை, அதாவது ரவையை (தோட்டாவை) உள்ளே தள்ளிப் பூட்டும் இரும்புத் தண்டை, பின்னால் இழுத்தால் அது கையோடு வந்துவிடும் என்று எல்லா றைபிள்களுக்கும் பொதுவாக எழுதியிருப்பது திருத்தப்பட வேண்டியது.

அந்த முறை 1891ஆம் ஆண்டின் ரஷ்ய மோசின் நாகன் றைபிளுக்கும், செக் நாட்டின் சில .22 றைபிள்களுக்கும் பொருந்தும். இலங்கையில் பொலிஸாரும் இராணுவத்தினரும் நெடுங்காலம் பயன்படுத்திய, நம்மவர் 'த்ரீ நோட் த்ரீ' என்று சொல்லிப் பழகிய லீ என்ஃபீல்டுக்கு அது அறவே பொருந்தாது. அதில் விசையை எவ்வளவு அழுத்தினாலும் போல்ற் வெளியே வராது. பலத்தைக் காட்டி இழுப்பவர் கெடுப்பது பொருளைத்தான்.

லீ என்ஃபீல்டிலேயே வகைக்கு வகை வேறுபாடு உண்டு. 1907இல் வந்த மூன்றாம் மார்க் வகையில், பாதுகாப்புப் பூட்டை விடுவித்து, கைப்பிடியை உயர்த்திப் போல்ற்றை முழுவதும் பின்னிழுத்த பின்னர், அதன் முனையில் திருகப்பட்டிருக்கும் சிறு தலைப்பகுதியை விரலால் மேல்நோக்கித் தள்ள வேண்டும்; அது 'டக்' என்று போல்ற் ஓடும் தடத்தின் விளிம்பிலிருந்து விடுபட்டதும் போல்ற் தானாகவே வழுக்கி வரும். நான்காம் இலக்க றைபிளிலோ முதலில் குறிபார்க்க உதவும் பின்குறிகாட்டியை நிமிர்த்தி, வலப்பக்கத்தில் உள்ள சிறு பிடிப்பைக் கீழே அழுத்திக்கொண்டு போல்ற்றைக் கடைசிவரை இழுத்த பிறகே தலைப்பகுதியைத் திருப்ப முடியும். போர்க்கால அவசரத்தில் அமெரிக்காவிலும் கனடாவிலும் செய்யப்பட்ட, நட்சத்திரக் குறியிட்ட நான்காம் இலக்க வகையில் அந்தப் பிடிப்பே கிடையாது; விளிம்பில் வெட்டிவிடப்பட்ட ஒரு இடைவெளிக்கு நேராகத் தலைப்பகுதியைக் கொண்டுவந்து திருப்ப வேண்டும். அந்த வெட்டின் ஓரம் தேய்ந்தோ உடைந்தோ போயிருந்தால் போல்ற்றை முன்னும் பின்னும் இயக்கும்போதே தலைப்பகுதி விடுபடக்கூடும் என்பதால், கழற்றியவுடன் அந்த ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது நன்று.

ஜேர்மனியின் 1898 மவுசரில் இடப்பக்கப் பின்பகுதியிலுள்ள தடுப்பை வெளிநோக்கி இழுத்துப் பிடித்தால் போதும். றெமிங்டன் 700இல் விசைக்கு முன்னால், காப்புவளையத்தினுள் ஒரு சிறு பொத்தான் மேல்நோக்கி அழுத்தப்பட வேண்டும். இவை எதிலும் விரலை விசையில் வைக்க வேண்டிய தேவையே இல்லை.

என் ஆட்சேபம் இங்குதான் வலுக்கிறது. விசையை அழுத்துவதையே முதற்படியாகப் படித்த ஒருவர், எந்தத் துவக்கைக் கையில் எடுத்தாலும் அதையே முதலில் செய்வார். எந்த வகையானாலும் குழலை ஆளில்லாத பக்கம் திருப்பி, மகசினைக் கழற்றியோ காலிசெய்தோ, போல்ற்றைத் திறந்து, ரவை அமரும் சேம்பரைக் கண்ணால் பார்ப்பதோடு சுண்டுவிரலையும் நுழைத்து ரவை இல்லை என்று உறுதி செய்வதே முதல் வேலை. கட்டுரையில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

காட்சிக்கு வைக்கும் பொருட்டுப் பல றைபிள்களின் போல்ற்றுகளை ஒரே பெட்டியில் இட்டு வைக்கலாம் என்ற யோசனையும் ஏற்கத்தக்கதல்ல. லீ என்ஃபீல்டில் போல்ற்றுக் கைப்பிடியின் பின்புறம் பொறித்த எண்ணும் றைபிளின் உடலில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். மாற்றிப் பொருத்தினால், ரவையின் விளிம்புக்கும் போல்ற்றுத் தலைக்கும் இடையிலான இடைவெளி கூடி, சுடுகையில் கோது பிளந்து வாயு சுடுபவரின் முகத்துக்கே பின்னோக்கி வர இடமுண்டு. இந்த இடைவெளியைச் சரிசெய்யவே நான்காம் இலக்க றைபிளுக்கு 0 முதல் 3 வரை எண்ணிட்ட தலைப்பகுதிகளைச் செய்தார்கள்.

நம் பக்கத்து விவசாயிகள் யானைக்கும் பன்றிக்கும் அஞ்சி அனுமதிப்பத்திரத்தோடு வைத்திருக்கும், நடுவில் மடித்துத் திறக்கும் 12 போர் துவக்குகளில் போல்ற் என்பதே இல்லை. அவர்கள் இந்தக் கட்டுரையைப் பார்த்துக் குழம்ப வேண்டியதில்லை.

அடுத்த வாரப் பதிப்பில், அந்த முறை எந்த றைபிளுக்கு உரியது என்பதைப் பெயர் குறித்துத் திருத்தம் வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கடேற் பயிற்சியாசிரியர்,
கல்லடி, மட்டக்களப்பு.