எங்கள் இருமலுக்குச் சுருட்டைக் குற்றம் சொல்லாதீர்கள்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயிறு மலரின் மருத்துவப் பக்கத்தில் ஒரு வரி வந்தது. மலேசியத் தோட்டப்புற இந்தியர்களின் நெஞ்சு நோய்க்கெல்லாம் சுருட்டும் சிகரெட்டும்தான் காரணம், பழக்கத்தை விட்டால் நோய் தானாகப் போய்விடும் என்று. அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன், காற்று என்ற பேச்சே இல்லை. விறகுப் புகை இல்லை, ஆலைப் புகை இல்லை, புகைமூட்டம்கூட இல்லை. கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, இதே வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளில் பாடம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். அப்பா காலத்திலிருந்து உங்கள் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்கும் வீடு எங்களுடையது. அந்த உரிமையில்தான் எழுதுகிறேன், கோபம் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். சுருட்டைக் கையால் தொட்டவரில்லை, அப்பாவும் பிடித்ததில்லை. விடியற்காலையில் வேலைக்குப் போகுமுன் ஒரு தடவை, ரப்பர் பாலை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வந்தபிறகு ஒரு தடவை, நாங்கள் இருந்த வரிசை வீடான லயத்துக்குப் பின்னால் இருந்த குசினியில் ரப்பர் விறகு வைத்து அடுப்பெரிப்பார். ஜன்னல் கிடையாது. மழைக்காலத்தில் விறகு ஈரமாக இருக்கும், ஊதுகுழலை வைத்து ஊத ஊதப் புகைதான் வரும், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிவார். கூரைத் தகரத்தின் உள்பக்கம் தார் பூசியது போல் கறுத்திருக்கும். பெருமழை என்றால் அந்தக் கறுப்பு சொட்டுச் சொட்டாகக் கீழே விழும், நாங்கள் தட்டைத் தள்ளி வைத்துக்கொண்டு சாப்பிடுவோம்.

கடைசிக் காலத்தில் படுக்கையிலிருந்து குளியலறை வரை நடக்க அவருக்கு மூச்சு போதவில்லை. கிளினிக்கில் அவரைப் பார்த்ததும் மலாயில் கேட்ட முதல் கேள்வி, "மெரோக்கோக்?" புகைபிடிப்பாரா என்று. இல்லை என்றேன். பக்கத்தில் நின்ற இன்னொருவர் சிரித்துக்கொண்டே, தோட்டத்துப் பாட்டிகள் எல்லாரும் இப்படித்தான் சொல்வார்கள் என்றார். அம்மாவுக்கு மலாய் நன்றாகவே புரியும். தலையைக் குனிந்துகொண்டார். உங்கள் கட்டுரையைப் படித்தபோது எனக்கு அந்தச் சிரிப்புதான் காதில் கேட்டது.

சுருட்டுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. அதைப் பிடித்துச் செத்தவர்களையும் பார்த்தவள்தான். ஆனால் காற்றை ஆராய்ந்தவர்கள் இந்தக் கேள்வியை நமக்கு முன்னாலேயே கேட்டுவிட்டார்கள், இது உங்களுக்குத் தெரியாத விஷயமும் இல்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் அமெரிக்காவில் 6 ஊர்களில் 8,111 பேரை 14 முதல் 16 வருஷம் வரை விடாமல் கவனித்து 1993-இல் முடிவை வெளியிட்டார்கள். யார் எவ்வளவு புகைத்தார், என்ன வயசு, எவ்வளவு படிப்பு, எவ்வளவு பருமன் என்பதையெல்லாம் கணக்கில் சேர்த்துக் கழித்த பிறகும், ஓஹாயோவின் ஸ்டூபன்வில் என்ற இரும்பாலை ஊரில் இறப்பு விகிதம், காற்று சுத்தமாக இருந்த விஸ்கான்சின் போர்ட்டேஜ் ஊரைவிட 26 சதவீதம் அதிகமாக இருந்தது. ஒரு வாரப் புகையின் கணக்கில்லை இது, வருஷக்கணக்கில் தினமும் இழுத்த மூச்சின் கணக்கு.

கொல்வது கண்ணுக்கே தெரியாத தூள். 2.5 மைக்ரோனும் அதற்குக் குறைந்ததும், அதாவது தலைமுடிப் பருமனில் சுமார் முப்பதில் ஒரு பங்கு. மூக்கில் நிற்காது, சளியில் சிக்காது, நுரையீரலின் அடிவரை போய் ரத்தத்திலும் கலந்துவிடுகிறது. அதனால்தான் வெளிக்காற்று மாசால் சாகிறவர்களில் பெரும்பாலோர் இருமிச் சாவதில்லை. 2019 கணக்குப்படி 68 சதவீதம் பேர் மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் போனார்கள் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். எங்கள் தாமான் குடியிருப்பில் ஐம்பது வயசைத் தாண்டாமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த ஆண்களை நினைத்துப் பார்க்கிறேன். எல்லாருக்கும் "குடி" என்று ஒரே காரணத்தைச் சொல்லிப் புதைத்துவிட்டோம். குடிக்காதவரும் அதில் இருந்தார்.

வீட்டு அடுப்புப் புகையால் மட்டும் 2020-இல் உலகம் முழுக்க 32 லட்சம் பேர் இறந்ததாக அதே நிறுவனம்தான் சொல்கிறது. அப்புறம், புற்றுநோய்க்கான பன்னாட்டு ஆய்வு முகமை 2013-இல் வெளிக்காற்று மாசைப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதியான முதல் வகையில் சேர்த்தது. புகையிலை இருக்கிற அதே வகை. 2023-இல் லண்டன் பிரான்சிஸ் கிரிக் ஆய்வகத்தின் சார்ல்ஸ் சுவாண்டன் குழு நேச்சர் இதழில் இன்னும் ஒரு படி மேலே போனது. வயசாக ஆக நம் நுரையீரலில் பிழையுள்ள சில உயிரணுக்கள் சும்மா தூங்கிக்கொண்டிருக்குமாம், இந்தத் தூள் உள்ளே போய் அழற்சியைக் கிளப்பி அவற்றை எழுப்பிவிடுகிறது என்று காட்டினார்கள். இங்கிலாந்து, தென்கொரியா, தைவான் நோயாளிகளின் விவரங்களை வைத்துச் செய்த ஆய்வு. சிகரெட்டே பிடிக்காதவருக்கு நுரையீரல் புற்றுநோய் எப்படி வந்தது என்று வீட்டுக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டு கேட்கிறார்களே, அந்தக் கேள்விக்கு ஒரு பதில் அதில் இருக்கிறது. உங்கள் மருத்துவப் பக்கத்தில் மட்டும் அதற்கு இடமில்லை.

நான் கடைசியாக வேலை பார்த்த பள்ளிக்குக் கொஞ்ச தூரத்தில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலை. பழத்தின் நாரையும் ஓட்டையும் பாய்லரில் எரித்துத்தான் இப்படிப்பட்ட ஆலைகள் ஓடும். காற்று அசையாத காலை நேரத்தில் புகை மேலே போகாமல் திடல்மேலேயே படுத்துக்கிடக்கும். சபைகூடலுக்குப் பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது வெள்ளைச் சட்டைத் தோளில் கரித்துகள் வந்து உட்காரும். அதைச் சுண்டிவிட வேண்டும், துடைத்தால் கறுப்புக் கோடு இழுத்துவிடும், அப்புறம் எந்தச் சோப்புக்கும் போகாது. முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கே அது தெரியும், ஒருத்தர் தோளை ஒருத்தர் சுண்டிவிட்டுக்கொள்வார்கள். சட்டையில் விழுந்தது அம்மாவுக்குத் தெரியும். உள்ளே போனது யாருக்குத் தெரியும்? புகார் கொடுத்தோம். அதிகாரிகள் பகலில் வந்தார்கள், அந்த நேரத்தில் புகை வெள்ளையாக இருந்தது, பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். உங்கள் பத்திரிகைக்கும் அப்போது எழுதினேன். அந்தக் கடிதம் வெளிவரவில்லை. அதே மாதம் எங்கள் ஊர்க் கோவில் திருவிழாவுக்கு உங்கள் நிருபர் வந்து, பிரமுகர் பொன்னாடை போர்த்தும் படத்தைக் கால் பக்கத்துக்குப் போட்டீர்கள்.

பிள்ளைகள் விஷயத்திலும் ஆராய்ச்சி தெளிவாகத்தான் இருக்கிறது. தெற்குக் கலிபோர்னியாவில் 12 ஊர்ப் பிள்ளைகளை 10 வயசிலிருந்து 18 வயசு வரை தொடர்ந்து ஊதவைத்து நுரையீரல் பலத்தை அளந்தார்கள். 2004-இல் வந்த முடிவு: நுண்தூள் மிகக் குறைவான ஊரில் 1.6 சதவீதம் பேருக்குத்தான் நுரையீரல் பலம் குறைந்திருந்தது, மிக அதிகமான ஊரில் 7.9 சதவீதம். அங்கே பிறகு காற்றைச் சுத்தப்படுத்தினார்கள், அடுத்து வந்த பிள்ளைகளின் நுரையீரல் நன்றாக வளர்ந்ததை 2015-இல் எழுதினார்கள். செய்தால் பலன் உண்டு என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? எங்கள் ஊரில் ஊதச் சொல்லி யாரும் வந்ததில்லை.

புகைமூட்டம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2005 ஆகஸ்ட் 11-இல் எங்கள் மாவட்டத்திலும் போர்ட் கிள்ளானிலும் அவசரநிலை அறிவித்தார்கள், காற்று மாசுக் குறியீடு 500-ஐத் தாண்டியது. பள்ளிகளை மூடினார்கள். ஆனால் எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் குலை வெட்டு நிற்கவில்லை, ஆட்கள் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு போனார்கள். 2013 ஜூனில் மூவாரில் 746 போனபோது முதல் பக்கத்தில் போட்டீர்கள், சரி, போட வேண்டிய செய்திதான். மழை பெய்து குறியீடு இறங்கியதும் "மக்கள் நிம்மதிப் பெருமூச்சு" என்று தலைப்பு வரும், அத்தோடு எங்கள் காற்றுக்கும் உங்களுக்கும் உள்ள சம்பந்தம் அடுத்த புகைமூட்டம் வரைக்கும் முடிந்தது. குறியீடு "மிதமான" என்று காட்டும் நாள்கள்தான் ஐயா வருஷத்தில் அதிகம். அவற்றைத்தான் இந்த நீண்டகால ஆய்வுகள் அளக்கின்றன. நம் நாட்டுத் தரப்படி நுண்தூள் ஆண்டுச் சராசரி ஒரு கனமீட்டருக்கு 15 மைக்ரோகிராம் வரை இருக்கலாம். உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன அளவு 5. இந்த வித்தியாசத்தைப் பற்றி உங்கள் பத்திரிகையில் ஒரு தலையங்கம் வந்ததாக எனக்கு நினைவில்லை.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. அடுத்த ஞாயிறு, அதே மருத்துவப் பக்கத்தில், புகைக்காதவர்களுக்கும் இந்த நோய்கள் வரும், விறகுப் புகையும் மாசுபட்ட காற்றும் காரணங்கள் என்று நான்கு வரி போடுங்கள். உள்பக்க மூலையில் பொடி எழுத்தில் "திருத்தம்" என்று வேண்டாம், அந்த வரியைப் படித்தவர்கள் கண்ணில் படுகிற இடத்தில் போடுங்கள். இன்னொன்று, கோலசிலாங்கூர் நிலையத்தின் காற்றுக் குறியீடு சுற்றுச்சூழல் துறையின் இணையத்தளத்தில் மணிக்கு மணி வருகிறது. எங்கள் ஊரில் கைப்பேசியில் தேடிப் பார்க்கத் தெரியாத பெரியவர்கள் இன்னும் உங்கள் பத்திரிகையைத்தான் கையில் வைத்துப் படிக்கிறார்கள். தங்கத்தின் விலை போடுகிற கட்டத்துக்குக் கீழே அந்த எண்ணையும் தினமும் ஒரு வரி போடுங்கள், புகைமூட்டம் இல்லாத நாளிலும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
கோலசிலாங்கூர் மாவட்டம்