வேனில் ஏற்றும் முன் ஒரு சீட்டு வைத்துப் பாருங்கள்: கண்புரை முகாம் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கும், முகாமில் கத்தி பிடிக்கும் மருத்துவர்களுக்கும், வணக்கம்.

மாசி முதல் வாரத்தில் கையில் ஒரு பிளாஸ்டிக் கவரோடு உங்கள் அலுவலக வராண்டாவில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தவள் நான்தான். கவருக்குள் அம்மாவின் டிஸ்சார்ஜ் சீட்டும் தஞ்சாவூர் மருத்துவர் எழுதிய கடிதமும் இருந்தன. என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். விசாரிப்பதாகச் சொன்னீர்கள். அடுத்த முகாமுக்குப் பெயர் எழுத ஆரம்பித்துவிட்டார்கள் என்று போன வாரம் ஊரிலிருந்து போன் வந்தது. அதனால்தான் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

என் கோரிக்கை ஒன்றே ஒன்று. கண்புரை ஆபரேஷன் முடிந்த ஒவ்வொரு கண்ணையும், ஆளை வேனில் ஏற்றி ஊருக்கு அனுப்பும் முன், ஃப்ளோரசீன் என்ற சாயம் ஏறிய காகிதச் சீட்டு வைத்துக் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். பார்த்ததை டிஸ்சார்ஜ் சீட்டில் தமிழில் எழுதுங்கள்.

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே இருக்கிறது எங்கள் ஊர். அம்மாவுக்கு 68 வயது. முறத்தில் அரிசியைப் பரப்பினால் கல்லும் குருணையும் ஒன்றாகத் தெரிகிறது என்றுதான் அவர் முகாமுக்கே ஒப்புக்கொண்டார். சனிக்கிழமை ஆபரேஷன். ஞாயிறு காலை கட்டைப் பிரித்து, டார்ச் அடித்துப் பார்த்து, "நல்லா இருக்கும்மா, தண்ணி கொஞ்சம் வரும், பயப்படாதீங்க" என்று சொல்லி, கருப்புக் கண்ணாடி கொடுத்து வேனில் ஏற்றினார்கள். அன்று இரவே தலையணை உறை நனைந்திருக்கிறது. அம்மா யாரிடமும் சொல்லவில்லை. தண்ணி வரும் என்று டாக்டரே சொல்லியிருக்கிறாரே! திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் முந்தானையால் ஒற்றி ஒற்றியே ஓட்டியிருக்கிறார். அது அறுப்பு நேரம். வீட்டுக்கு எதிர்க் களத்தில் அறுவடை மெஷின் ஓடி, பதரும் தூசியும் திண்ணை வரைக்கும் பறந்துகொண்டிருந்தன.

புதன்கிழமை மன்னார்குடியிலிருந்து நான் போய்ப் பார்த்தபோது கண் சிவந்து, இமை வீங்கியிருந்தது. "கண்ணுல தண்ணி நிக்கவே மாட்டேங்குதுடி, விளக்கு வெளிச்சமும் மங்கலாத்தான் தெரியுது" என்றார். உடனே தஞ்சாவூருக்குப் பஸ் ஏறினோம். வடுவூர் ஏரி வந்தால் அம்மா எப்போதும் ஜன்னல் பக்கம் திரும்பி நாரை எண்ணுவார். அன்று வடுவூர் வந்ததையே அவர் கவனிக்கவில்லை. துண்டைக் கண்ணில் வைத்து, தலையை முன் சீட்டுக் கம்பியில் சாய்த்தபடியே வந்தார்.

தஞ்சாவூரில் என்ன செய்தார்கள் என்பதை நீங்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். ஒரு சிறு காகித உறையைக் கிழித்து, நுனியில் ஆரஞ்சு நிறம் ஏறிய ஒரு காகிதச் சீட்டை எடுத்தார்கள். ஈரப்படுத்தி, கருவிழி ஓரத்தில் காயத்தின் மேல் மெல்லத் தொட்டார்கள். கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லாம்ப் கருவியில் நீல வெளிச்சத்தைப் போட்டார்கள். மருத்துவர் என்னைத் திரையைப் பார்க்கச் சொன்னார். கண் முழுக்க மங்கலான ஆரஞ்சுப் படலம். காயத்தின் ஒரு முனையிலிருந்து மட்டும் பளிச்சென்று பச்சையாக ஒரு கோடு கீழே வழிந்தது. துடைத்தார், மறுபடியும் வழிந்தது. கண்ணுக்குள் இருக்கும் நீர் வெளியே வந்து சாயத்தைக் கரைக்கிற இடம் அது. மொத்தம் ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

நான் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் எடுப்பவள். அந்தச் சாயம் எனக்குப் புதிதில்லை. 1871-ல் அடால்ஃப் வான் பேயர் தயாரித்தது. கெட்டியாக இருந்தால் ஆரஞ்சு, நீரில் கரைந்து நீர்த்தால் பச்சையாக ஒளிரும். சைடல் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் பெயரால் இந்தச் சோதனையை அழைக்கிறார்கள். கண் மருத்துவம் படித்த எவருக்கும் இது தெரியும். அம்மாவின் கண்ணில் வழிந்த அந்தக் கோட்டைப் பார்த்தபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. ஞாயிறு காலையில் யாராவது அந்த ஒரு நிமிஷத்தைச் செலவு செய்திருந்தால், அன்றே ஒரு தையல் போட்டிருக்கலாம்.

"தையல் இல்லாத ஆபரேஷன்" என்று முகாமில் மைக்கில் சொல்கிறீர்கள். அது நல்ல முறைதான், நான் குறை சொல்லவில்லை. வெள்ளை விழியில் சுரங்கம் போல ஏறத்தாழ 6 மில்லிமீட்டருக்கு வெட்டி, புரையை எடுத்து, லென்ஸை வைத்து, அப்படியே விட்டால் காயம் தானாக மூடிக்கொள்ளும். எப்படி மூடுகிறது என்பதை எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொன்னால் உடனே புரியும். வாய்க்கால் மதகில் பலகை நிற்பது போலத்தான். உள்ளே நீர் அழுத்தம் இருந்தால்தான் பலகை சட்டத்தோடு ஒட்டி நிற்கும். கண்ணுக்குள் சாதாரணமாக 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் இருக்க வேண்டும். ஓரத்தில் கொஞ்சம் கசிந்தால் அழுத்தம் குறையும். குறைந்தால் பலகை தளரும், இன்னும் கசியும். கண் தளர்ந்த நேரத்தில் கண்ணீரும் அதிலிருக்கும் கிருமியும் அந்த வழியாகவே உள்ளே போகலாம். அம்மாவுக்கு நடந்தது அதுதான்.

ஆபரேஷன் முடிவில் பஞ்சு வைத்து ஒற்றிப் பார்த்ததாகவும் அப்போது காய்ந்திருந்ததாகவும் உங்கள் மருத்துவர் என்னிடம் சொன்னார். நம்புகிறேன். ஆனால் அப்போது அம்மா அசையாமல் படுத்திருந்தார். அதன் பிறகு எழுந்தார், இருமினார், குனிந்தார், ராத்திரி தூக்கத்தில் இமையைக் கசக்கியிருப்பார். மேஜையில் மூடியிருந்த காயம் மறுநாள் காலையிலும் மூடியிருக்கிறதா என்று மறுநாள் காலையில்தானே பார்க்க முடியும்?

இதற்காகப் புதுக் கருவி எதுவும் கேட்கவில்லை. கண்புரைக் காயத்தை அடைப்பதற்கென்றே ஒரு பசைக்கு அமெரிக்காவில் 2014 ஜனவரியில் அனுமதி கொடுத்தார்கள். இரண்டு திரவத்தைக் கலந்து தடவினால் சில விநாடிகளில் நீல நிறப் படலமாக இறுகும், பிறகு கண்ணீரோடு தானாகக் கழன்றுவிடும். வயல் வெயிலில் நின்று கண்ணில் சதை வளர்ந்தவர்களுக்கு அதை எடுத்துவிட்டு, ரத்தம் உறைகிற அதே முறையில் ஒட்டுகிற ஃபைப்ரின் பசையால் புதுத் திசுவை ஒட்டும் வழக்கம் நம் நாட்டிலேயே இருக்கிறது. அதையெல்லாம் முகாமில் எல்லோருக்கும் போடுங்கள் என்று கேட்கிற நிலையில் நாங்கள் இல்லை. பசையோ தையலோ தானாக மூடும் சுரங்கமோ, எதுவாக இருந்தாலும் மூடியதா என்று தனியாகப் பார்க்கத்தான் வேண்டும். பஞ்சர் கடையில் ஒட்டுப் போட்ட டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்க்காமல் சக்கரத்தில் மாட்ட மாட்டார்கள். மலக்குடலை வெட்டி இணைக்கும் அறுவை மருத்துவர்களும் அடிவயிற்றில் நீரை நிரப்பி, குடலுக்குள் காற்றை அடித்து, அதே குமிழியைத்தான் தேடுகிறார்கள். கண்ணுக்கு அந்த வேலையைச் செய்ய ஒரு சீட்டு போதும். விலை சில ரூபாய்தான். ஆனால் குப்பியில் ஊற்றி வைத்த சாயம் வேண்டாம், அதில் கிருமி வளரும். ஆளுக்கு ஒன்றாகத் தனி உறையில் வரும் சீட்டாகவே வாங்குங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் அலுவலகத்தில் ஒருவர், "இலவசமாத்தானே பண்ணாங்க, நாலு நாள் கழிச்சு வந்து கேட்டா எப்படி?" என்று என் முகத்தைப் பார்த்தே கேட்டார். தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் 1976-ல் தொடங்கியது. அதற்கு ஆகும் செலவு மக்கள் கட்டிய வரிப்பணம். டீத்தூளும் சோப்பும் வாங்கும்போது அம்மாவும் அந்த வரியைக் கட்டியிருக்கிறார். முகாம் பேனரில் எத்தனை கண்ணுக்கு ஆபரேஷன் என்று பெரிய எழுத்தில் போடுகிறீர்கள். அம்மாவுக்குக் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டோ முழுக்க ஆங்கிலம். எப்போது பயப்பட வேண்டும் என்று அதில் ஒரு வரி இருந்திருந்தாலும் அவரால் படித்திருக்க முடியாது. கண் தெரியாமல் வந்தவருக்கு, படிக்கத் தெரியாத மொழியில் எழுதிக் கொடுத்து அனுப்புவது எந்த ஊர் நியாயம்?

மன்னிக்கவும், குரல் உயர்ந்துவிட்டது. அந்த வராண்டாவில் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்த சிஸ்டரை நான் மறக்கவில்லை. ஒரே நாளில் அத்தனை பேருக்கும் குனிந்து நின்று ஆபரேஷன் செய்த மருத்துவரின் முதுகு வலியும் எனக்குத் தெரியாததில்லை. உங்கள் உழைப்பு வீணாகக் கூடாது என்பதற்காகவும்தான் கேட்கிறேன்.

அம்மாவின் கண்ணுக்குள் மருந்து ஊசி போட்டு, முடியைவிட மெல்லிய நைலான் நூலில் ஒரு தையல் போட்டார்கள். கண் பிழைத்தது. பார்வை முழுதாகத் திரும்பவில்லை. பஸ் வருவது தெரிகிறது, பெயர்ப் பலகை தெரியவில்லை. அரிசியில் கல் பொறுக்க இப்போதும் பேரனைத்தான் கூப்பிடுகிறார்.

ஆகவே பணிவோடு மறுபடியும் கேட்கிறேன். ஆபரேஷனுக்கு மறுநாள் காலை, வேனில் ஏற்றும் முன், ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு சீட்டு. கசிந்தால் அன்றே ஒரு தையல், இல்லையென்றால் கட்டுப் போட்டு ஆளை அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். "கசிவு பார்த்தோம், இல்லை" என்று தமிழில் ஒரு வரி, கீழே பார்த்தவர் கையெழுத்து. வலி, சிவப்பு, நிற்காத தண்ணீர், மங்கும் பார்வை, இதில் எது வந்தாலும் அன்றே வர வேண்டும் என்று இன்னொரு வரி.

அடுத்த முகாமுக்கு என் சித்தியும் பெயர் கொடுத்திருக்கிறார். வேண்டாம் என்று நான் தடுக்கவில்லை, அவருக்கும் கண் தெரிய வேண்டுமே. கூட நான்தான் வருவேன். சீட்டு வாங்க நிதி இல்லையென்றால் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லுங்கள். அன்று வருகிற அத்தனை பேருக்கும் போதுமான அளவு நானே வாங்கிக் கொண்டுவந்து கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வேதியியல் ஆசிரியை,
மன்னார்குடி