அலமாரியைத் திறந்துவிடுங்கள்

பள்ளி மாவட்டக் குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நூலகப் புத்தகங்களைப் பூட்டி வைத்தது பற்றி நான் ஆங்கிலத்தில் அனுப்பிய மடல்களுக்கு 'கிடைத்தது, நன்றி' என்று கணினிதான் பதில் போட்டது. அதனால் இதைத் தமிழில் எழுதுகிறேன். நீங்கள் படிக்காவிட்டாலும் இந்த ஊர்த் தமிழ்ப் பெற்றோர் படிப்பார்கள்.

தொடக்கப் பள்ளி நூலகத்திலிருந்து அமெரிக்காவில் வெள்ளையர் மட்டுமே படித்த பள்ளியில் சேர்ந்த கறுப்பினச் சிறுமி ரூபி பிரிட்ஜஸ் பற்றிய படப் புத்தகங்களை ஏன் எடுத்தீர்கள் என்பது ஊரறிந்த கதை. பிள்ளைகள் மனம் சங்கடப்படும் என்று ஒரு புகார் வந்தது. புத்தகங்கள் பூட்டிய அலமாரிக்குப் போய்விட்டன. பெற்றோர் கையெழுத்துப் போட்டால் தருவோம் என்றீர்கள். போட்டுக் கொடுத்தேன். இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் படிவத்தை நீட்ட, பரிசீலனை முடியும்வரை தரக்கூடாதாம் என்று நூலகர் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, வேலை போய்விடுமோ என்ற பயம். "அந்தப் பொண்ணு ஏதாவது தப்புப் பண்ணினாளாம்மா?" என்று கேட்கிறாள் மகள்.

ரூபிக்கு அப்போது ஆறு வயது. 1960 நவம்பர் 14 அன்று நியூ ஆர்லியன்ஸில், ஃபெடரல் மார்ஷல்கள் எனப்படும் மத்திய அரசுக் காவலர்கள் துணையுடன் அந்தப் பள்ளிக்குப் போனாள். வாசலில் கத்திய கூட்டத்தைப் பார்த்து மார்டி கிரா திருவிழா என்று நினைத்துக்கொண்டாள். வெள்ளைப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை நிறுத்திவிட, அந்த ஆண்டு அவள் வகுப்பில் ஒரே ஆசிரியை, ஒரே மாணவி. விஷம் வைப்பேன் என்று ஒருத்தி மிரட்டியதால் வீட்டுச் சாப்பாடு மட்டும். அப்பாவுக்கு வேலை போயிற்று. இதில் சங்கடப்பட வேண்டியவர்கள் வாசலில் நின்ற பெரியவர்கள்தானே?

பிள்ளைகளின் மனத்தைப் பற்றி இவ்வளவு கவலைப்படும் நீங்கள்தான், துப்பாக்கியோடு யாராவது வந்தால் விளக்கை அணைத்து மூச்சுக்காட்டாமல் மூலையில் உட்காரப் பாலர் வகுப்புக்கே பயிற்சி கொடுக்கிறீர்கள். ஜனவரியில் மார்ட்டின் லூதர் கிங் பெயரில் விடுமுறையும் விடுகிறீர்கள். எதற்கு விடுமுறை என்று மட்டும் பிள்ளைகள் கேட்கக் கூடாது போலிருக்கிறது!

"கறுப்பர் வெள்ளையர் விவகாரம், நமக்கெதற்கு" என்று வாட்ஸ்அப்பில் ஒதுங்கும் நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1946-இல் இங்கே குடியேற இந்தியாவுக்கு அமெரிக்கா கொடுத்த ஒதுக்கீடு ஆண்டுக்கு 100 பேர். கறுப்பர்களின் சிவில் உரிமைப் போராட்டம் நாட்டை உலுக்கிய பிறகு, 1965 குடியேற்றச் சட்டத்தில்தான் அந்த முறை ஒழிந்தது. நாம் வந்த வழி அது.

கோபத்தில் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான்: அந்தப் புத்தகங்களைப் படிவம் இல்லாமல், பிள்ளைகள் கைக்கெட்டும் தட்டில் திரும்ப வையுங்கள். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். நானும் வருகிறேன்.

நன்றியுடன்,
இரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா