கார்ட்டூன் முகத்துக்கு எதை வைத்து வயது சொல்வது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

முகத்தை வைத்துக் கணினி வயது கணிப்பது பற்றித் தங்கள் இதழில் வந்த தடயவியல் கட்டுரையைப் படித்தேன். குழந்தைகளைப் பாலியல் நோக்கில் தவறாகக் காட்டும் படங்களைக் கண்டுபிடிக்க இது உதவும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அனிமேஷன் பாத்திரங்களுக்கும் இதையே பயன்படுத்தலாம் என்று ஒரே வரியில் முடித்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. காட்பாடியில் பல வருஷம் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்தவன் நான்.

முகம் வரையக் கற்றுக்கொடுக்கும்போது கரும்பலகையில் முட்டை வடிவம் போட்டு, நடுவில் குறுக்காக ஒரு கோடு இழுப்போம். பெரியவர் முகத்தில் கண்கள் அந்தக் கோட்டிலேயே அமையும். குழந்தை முகத்தில் கோட்டுக்குக் கீழே இறங்கிவிடும். நெற்றி பெரிதாக, மூக்கு குட்டையாக, தாடை சின்னதாக இருக்கும். மண்டை சீக்கிரம் வளர்ந்துவிடுகிறது. மூக்கும் தாடையும் மெதுவாக நீள்கின்றன, அதனால்தான் இப்படி. கணினியும் இந்த விகிதங்களையும் தோலின் சுருக்கத்தையும் வைத்துத்தான் வயது சொல்கிறது.

ஜப்பானிய அனிமே பாணியை எடுத்துக்கொள்ளுங்கள். முப்பது வயதுப் பெண்ணுக்கும் முகத்தை அடைத்துக்கொண்டு கண்கள், மூக்குக்கு ஒரு புள்ளி, கூரான குட்டித் தாடை. தோலில் ஒரு சுருக்கம்கூடக் கிடையாது. பெரிய கண்ணும் உயர்ந்த நெற்றியும் பார்ப்பவருக்குப் பாசத்தைத் தூண்டும் என்று விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த கொன்ராட் லோரன்ஸ் 1943-லேயே எழுதினார். வரைகிறவர்கள் அதை வயது பார்க்காமல் எல்லாப் பாத்திரங்களுக்கும் வைக்கிறார்கள். நிஜ முகங்களைப் பார்த்துப் பழகிய கணினி இதை அளந்தால் என்ன கிடைக்கும்? ஒரு கோட்டை மாற்றிப் போட்டால் வயதும் மாறிவிடும்.

நிஜ மனிதருக்கே வயது சொல்வது லேசான காரியமில்லை. சிறார் நீதிச் சட்டம் முதலில் பள்ளிச் சான்றிதழைக் கேட்கிறது, அப்புறம் நகராட்சி தரும் பிறப்புச் சான்றிதழை. இரண்டும் இல்லாவிட்டால்தான் எலும்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும் மருத்துவச் சோதனை. அந்த எக்ஸ்ரே சோதனையிலும் இரண்டு வருஷம் முன்பின் ஆகலாம் என்று உச்ச நீதிமன்றம் 1982-லேயே சொல்லிவிட்டது. வரைந்த முகத்துக்குப் பள்ளியும் இல்லை, எலும்பும் இல்லை.

அதற்காகக் குற்றவாளியை விட்டுவிடச் சொல்லவில்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில், குழந்தை ஆபாசப் படம் எது என்று 2019-ல் சேர்த்த விளக்கத்தில், உருவாக்கப்பட்ட அல்லது மாற்றப்பட்ட படம் குழந்தையைக் காட்டுவதாகத் தோன்றினாலும் அடங்கும். இங்கிலாந்தின் 2009-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் தெளிவு: சில உடல் அம்சங்கள் குழந்தைக்குரியவையாக இல்லாவிட்டாலும், படம் தரும் மேலோங்கிய எண்ணம் குழந்தை என்பதாக இருந்தால் குழந்தைதான். "கதைப்படி அவளுக்கு ஐந்நூறு வயது" என்ற சாக்கு அங்கே எடுபடாது. உடல்வாகு, உடை, பள்ளிப்பை, பேச்சு, சூழல் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முகத்தின் அளவு அதில் ஒன்று, அவ்வளவுதான். நிபுணர் அறிக்கையில் ஒற்றை எண்ணைக் கொடுத்தால், எதிர்த்தரப்பு வக்கீல் சத்துவாச்சாரி நீதிமன்றத்தில் ஐந்தே நிமிடத்தில் அதை உடைத்துவிடுவார். கூடவே நல்ல வழக்கும் போய்விடும்.

என்னை உண்மையில் பதற வைப்பது வேறு. பள்ளி ஆண்டுவிழாவில் எடுத்த புகைப்படத்தைக்கூட நொடியில் கார்ட்டூனாக்கும் செயலிகள் இப்போது பிள்ளைகள் கையிலேயே இருக்கின்றன. அப்படி மாற்றிய படத்துக்குப் பின்னால் நம் தெருக் குழந்தை இருக்கலாம். ஆகவே ஆய்வுக்கூடம் முதலில் தேட வேண்டியது மூலப் புகைப்படத்தை: எந்தச் செயலி, எந்தப் போன், எந்தக் கோப்பு. அந்தக் குழந்தை கிடைத்துவிட்டால் பிறப்புச் சான்றிதழே வயதைச் சொல்லிவிடும்.

வேலூர் வட்டாரத் தடயவியல் ஆய்வகம் போன்ற இடங்களில் இத்தகைய படங்களைப் பார்ப்பவர்களோடு, வரையத் தெரிந்த ஒருவரையும் உட்கார வைக்க அரசு யோசிக்கலாம். தாங்களும் அடுத்த இதழில், குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐயும் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெயர் சொல்லாமலே இத்தகைய படங்களைப் பற்றிப் புகார் தரலாம் என்பதையும் பெட்டிச் செய்தியாகப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.