சீக்வென்ஸைக் கலர் அடிக்கும் ஊர்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நான் நலம். வேலை, குளிர், சமையல் எல்லாம் அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது, வாங்கிப் படித்துக்கொள்ளுங்கள். இது உங்களுக்கு மட்டும். சீட்டு விஷயம்.

எங்கள் விடுதியில் பல நாட்டு ஆட்கள். ஆளுக்கொரு அரைகுறை ஆங்கிலம். பகலில் ஒரு சுத்தியல் கேட்பதற்குக்கூடக் கையை ஆட்டிக் காட்ட வேண்டியிருக்கிறது. ராத்திரி பொது அறையில் மேசையைச் சுற்றி உட்கார்ந்துவிட்டால் அந்தக் கஷ்டமே இல்லை. ஆடுவது போக்கர். காசு கிடையாது, பிளாஸ்டிக் வில்லைகள்தான். அம்மா கேட்டால் இதை அழுத்திச் சொல்லுங்கள்.

வந்த புதிதில் எனக்கு உறுத்திய விஷயம் ஒன்று. நீங்கள் ஆடும் மூணு சீட்டில் கலரைவிட (எல்லாச் சீட்டும் ஸ்பேட், ஆட்டின் என்று ஒரே இனம்) சீக்வென்ஸ் (5, 6, 7 போல அடுத்தடுத்த எண்கள்) பெரிது. இங்கே தலைகீழ், கலர் வந்து சீக்வென்ஸை அடிக்கிறது! யாரோ இஷ்டத்துக்கு வைத்த விதி என்றுதான் நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை தாளும் பேனாவுமாக உட்கார்ந்து எண்ணிப் பார்த்ததில் இரண்டு ஊரும் சரி என்று தெரிந்தது.

52 சீட்டிலிருந்து மூன்றை எடுக்க 22,100 வழி. அதில் சீக்வென்ஸ் 720, கலர் 1,096. அரிதாக வருவது சீக்வென்ஸ், அதனால் அது மேலே. போக்கரில் கைக்கு ஐந்து சீட்டு. அப்போது மொத்தம் 25,98,960 வழி. அதில் சீக்வென்ஸ் 10,200 வருகிறது, கலர் வெறும் 5,108. ஏறக்குறைய பாதி. நாலாவது சீட்டும் ஐந்தாவது சீட்டும் அதே கலரில் விழுவது அவ்வளவு சிரமம். போக்கரின் வரிசை முழுக்க இந்த ஒரு கணக்குதான்: எது அபூர்வமோ அது பெரிது.

இதைப் பிடித்துக்கொண்டால் மனப்பாடம் வேண்டாம். ஒன்றுமே சேராத கை 13,02,540. ஒரு ஜோடி 10,98,240. இந்த இரண்டுமே சேர்ந்து நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு ஆகிவிடுகிறது, மீதி எல்லாம் எப்போதாவது வரும் விருந்தாளிகள். இரண்டு ஜோடி 1,23,552, ஒரே எண்ணில் மூன்று 54,912. அதற்கு மேல் சீக்வென்ஸ், அதற்கு மேல் கலர். பிறகு ஃபுல் ஹவுஸ், அதாவது மூன்றும் ஒரு ஜோடியும், 3,744. ஒரே எண்ணில் நான்கு 624. ஒரே கலரில் சீக்வென்ஸ் வந்தால் 36. அதிலேயே பத்து, ஜாக்கி, ராணி, ராஜா, ஏஸ் என்று உச்சியில் முடிந்தால் ராயல் ஃப்ளஷ். அது கலருக்கு ஒன்றாக மொத்தமே நான்கு.

மேசையில் சண்டை வருவது இந்தப் பெரிய கைகளால் அல்ல. எதிரும் புதிருமாக இரண்டு பேரிடமும் ராஜா ஜோடி இருக்கும்போதுதான். அப்போது ஜோடியோடு நிற்கும் மற்ற மூன்று சீட்டில் பெரியது எதுவோ அது பேசும். கிக்கர் என்கிறார்கள். அதுவும் சமமானால் அடுத்தது, அதற்கடுத்தது. எல்லாமே சமமானால் நடுவில் கிடப்பதைப் பங்கு போட வேண்டியதுதான். ஸ்பேட் பெரிதா ஆட்டின் பெரிதா என்ற பேச்சு இங்கே எடுபடாது, நாலு கலரும் ஒன்று. எனக்கு இது ரொம்பப் பிடித்த விதி. ஃபுல் ஹவுஸில் மூன்றாக இருப்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்: மூன்று ஒன்பதும் இரண்டு இரண்டும் வைத்திருப்பவன், மூன்று எட்டும் இரண்டு ஏஸும் வைத்திருப்பவனை அடித்துவிடுவான். ஏஸ், 2, 3, 4, 5 சீக்வென்ஸ்தான், ஆனால் அதுதான் இருப்பதிலேயே சின்னது. உங்கள் ஆட்டத்தில் ஏஸ், 2, 3 எவ்வளவு மரியாதையாக நடத்தப்படும் என்று நினைத்துக்கொண்டேன். ராணி, ராஜா, ஏஸ், 2, 3 என்று சுற்றிக்கொண்டு போவதும் செல்லாது.

நாங்கள் ஆடும் முறையில் கையில் இரண்டு சீட்டு, மேசையில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து. ஏழில் நல்ல ஐந்து எதுவோ அதுதான் கை. போன வாரம் பக்கத்துக் கட்டில் போலந்துக்காரரிடம் 4-4. மேசையில் ராஜா-ராஜா, 9-9, ஏஸ். மூன்று ஜோடி என்று வில்லைகளையெல்லாம் நடுவில் தள்ளிவிட்டார். எதிராளி காட்டியது ஜாக்கியும் 2-உம், ஒரு பயனும் இல்லாத கை. ஆனால் ஐந்து சீட்டுக்கு மேல் எண்ண முடியாதே! இரண்டு பேருக்குமே சிறந்த கை மேசையில் கிடந்ததுதான்: ராஜா ஜோடி, ஒன்பது ஜோடி, ஏஸ். பாதிப் பாதி. மனுஷன் அரைமணி நேரம் போலிஷ் மொழியில் முணுமுணுத்தார், ஒரு சொல்கூடப் புரியாமலே அத்தனையும் புரிந்தது.

இந்த ஏழு சீட்டில் ஒரு வேடிக்கை இருக்கிறது சித்தப்பா, உங்களுக்குப் பிடிக்கும். ஏழிலிருந்து ஐந்தைப் பொறுக்கும்போது ஒன்றுமில்லாத கை நூற்றுக்குப் பதினேழுதான். ஒரு ஜோடி நாற்பத்து நாலு, இரண்டு ஜோடி இருபத்து மூன்றரை. அப்படியென்றால் அபூர்வக் கணக்குப்படி வெறுங்கை அல்லவா ஜோடியை அடிக்க வேண்டும்? ஆனால் அப்படி விதி வைத்துப் பாருங்கள். ஜோடி வந்தவன் அதில் ஒரு சீட்டை ஒதுக்கிவிட்டு, மீதி ஆறில் ஐந்தைக் காட்டி 'என்னிடம் ஒன்றுமில்லை' என்று ஜெயித்துவிடுவான். வெறுங்கை உடனே மலிந்துவிடும், ஜோடி அபூர்வமாகிவிடும். எந்தப் பக்கம் மாற்றினாலும் கணக்கு வழுக்கிக்கொண்டே போகிறது. அதனால் ஐந்து சீட்டு வரிசையையே ஏழுக்கும் வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். புத்திசாலித்தனம்.

சீட்டுக்கட்டையே குறைத்தால் மட்டும் வரிசையில் கை வைக்கிறார்கள். 2 முதல் 5 வரை எடுத்துவிட்டு 36 சீட்டில் ஆடும் ஒரு வகை உண்டு. கலருக்கு ஒன்பதே சீட்டு, அதனால் கலர் 480 வழிதான். ஃபுல் ஹவுஸ் 1,728. அங்கே கலர் ஒரு படி ஏறி ஃபுல் ஹவுஸை அடிக்கும்.

கடைசியாக, உங்கள் தலையில் ஒரு கல். அதே ஞாயிற்றுக்கிழமை மூணு சீட்டின் உச்சியையும் எண்ணினேன். ஒரே எண்ணில் மூன்று வர 52 வழி. ஒரே கலரில் சீக்வென்ஸ் வர 48. அபூர்வம் இரண்டாவதுதான், ஆனால் நீங்கள் எல்லோரும் முதலாவதைத்தான் தலையில் வைத்து ஆடுகிறீர்கள்! போக்கரையே மூன்று சீட்டில் ஆடும் இடங்களில் ஒரே கலர் சீக்வென்ஸ்தான் மேலே. அடுத்த முறை உங்கள் கூட்டாளிகளிடம் இந்த நாலு வித்தியாசத்தைச் சொல்லிப் பாருங்கள். மூன்று ஏஸை வைத்துக்கொண்டிருப்பவர் பக்கத்தில் மட்டும் உட்காராதீர்கள்.

சித்தியைக் கேட்டதாகச் சொல்லுங்கள். பதில் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்