முள்முருங்கை ஊரின் மலை

அன்புள்ள பெரியப்பா,

சீனத்துத் துறைமுக ஊரான சுவான்சோவுக்குப் போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து "கல்வெட்டு, கல்வெட்டு" என்று தொலைபேசியில் நினைவூட்டிக்கொண்டே இருந்தீர்கள். 1281 சித்திரையில் சம்பந்தப் பெருமாள் என்பவர் சீனத்துக் கானின் நலம் வேண்டி இந்த ஊரில் சிவனை எழுந்தருளச் செய்த கதையை உங்கள் வாயால் எத்தனை முறை கேட்டிருப்பேன்! கோபித்துக்கொள்ளாதீர்கள், வந்ததும் முதலில் மலைக்குத்தான் போனேன்.

நகரத்தின் வடக்கு விளிம்பில் நிற்கிறது சிங்யுவான் மலை. உயரம் 498 மீட்டர். பர்வதமலையில் சங்கிலியைப் பிடித்து ஏறிய உங்களுக்கு இதெல்லாம் ஒரு மலையா என்று இருக்கும். எனக்கோ பாதி வழியிலேயே மூச்சு வாங்கியது. கல்படிகள் என் காலுக்கு ஒத்துவரவில்லை. ஒவ்வொன்றாக ஏறினால் குட்டை, இரண்டிரண்டாகத் தாண்டினால் நெட்டை. என்னைவிட இருபது வயது மூத்த ஓர் அம்மாள், கையில் வெந்நீர்க் குடுவையும் இடுப்பில் பாட்டுப் பெட்டியுமாக என்னைக் கடந்து போனார். மலையேறும்போது வாயைத் திறக்கக்கூடாது என்பீர்களே, இங்கே வாய் மூடினவர் ஒருவரும் இல்லை. நம் ஊர்த் திண்ணையைச் சாய்த்துவைத்து மரம் நட்டது போல இருந்தது.

அடிவாரத்திலேயே தாவோ மதத்தின் ஆதி ஞானி லாவோட்சு சிலையாக உட்கார்ந்திருக்கிறார். சோங் அரசர் காலத்தில் ஒரே பாறையில் செதுக்கியது, உயரம் 5.63 மீட்டர். தோள் வரை தொங்கும் காது, காற்றில் ஒதுங்கியது போன்ற தாடி, ஒரு கை முழங்கால் மேல். அவர் மூக்கைத் தொட்டவருக்கு 120 வயது என்பது உள்ளூர் நம்பிக்கை. இப்போது தொட விடுவதில்லை, தள்ளி நின்று கும்பிடலாம். முன்பு அவரைச் சுற்றிக் கோயில் இருந்ததாம். அது அழிந்துபோக, இவர் மட்டும் வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்துவிட்டார். கூரை இல்லாததே நல்லது என்று எனக்குப் பட்டது. கருவறை இருட்டில் அந்தச் சிரிப்பு தெரிந்திருக்காது. 2021இல் யுனெஸ்கோ இந்த ஊரின் பழைய துறைமுகச் சின்னங்களை உலக மரபுப் பட்டியலில் சேர்த்தபோது கிழவரும் அதில் இடம்பெற்றார்.

மேலே ஹொங்யி என்ற துறவியின் நினைவுத் தூபி இருக்கிறது. ஓவியம், இசை, நாடகம் என்று வாழ்ந்தவர், எல்லாவற்றையும் உதறிவிட்டுத் துறவியானார். 1942இல் இதே ஊரில் மறைந்தார். கடைசியாக அவர் எழுதிய நான்கு எழுத்துகளைப் பாறையில் வெட்டியிருக்கிறார்கள். துயரமும் மகிழ்ச்சியும் கலந்து வருகின்றன என்பது பொருள். அங்கே மட்டும் பாட்டுப் பெட்டிகள் சற்றுத் தணிந்தன.

இறங்கும்போது கல்மேசையில் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த பெரியவர்கள் கையசைத்துக் கூப்பிட்டார்கள். விரல் நுனியளவுக் கிண்ணம். குடிக்கக் குடிக்க நிரப்பினார்கள். பக்கத்து ஆன்சியில் விளையும் தேயிலை. பெயர் 'இரும்புக் குவான்யின்', குவான்யின் நம் போதிசத்துவர் அவலோகிதர்தான். ஆறாவது கிண்ணத்தில் எழுந்துவிட்டேன். பேச்சு ஒன்றும் புரியவில்லை, உபசாரம் புரிந்தது.

பெரியம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள். இந்த ஊரின் மரம் நம் கல்யாண முருங்கை, அதுதான் முள்முருங்கை! சளி பிடித்தால் அடைக்கு அரைப்பாரே, அதே இலை. ஒரு காலத்தில் ஊரைச் சுற்றி இதையே நட்டிருந்தார்களாம். சீனத்தில் அதன் பெயர் சித்தோங். அது வெளிநாட்டார் வாயில் சைத்தூன் ஆகி ஊருக்கே பெயராகிவிட்டது. மார்கோ போலோ எழுதியதும் அந்தப் பெயரைத்தான்.

நாளைக் காலை கைய்யுவான் கோயிலுக்குப் போகிறேன். அழிந்துபோன நம் கோயிலின் தூண்கள் இரண்டு அந்தப் புத்தர் கோயிலின் பின்பக்கம் நிற்கின்றன. ஒன்றில் நரசிம்மர் இருக்கிறாராம். படம் அனுப்புகிறேன். அதற்குள் கண்ணாடியை மாற்றிவிடுங்கள், பிறகு மங்கலாக எடுத்துவிட்டாய் என்று என்னைத் திட்டக்கூடாது.

அன்புடன்,
உங்கள் தம்பி மகன்